சேலத்துக்கு வந்த திராட்சை

இந்தியத் திராட்சைச் சாகுபடியின் வரலாற்றைச் சொல்லும் தோட்டக்கலை நூல்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். வடக்கே பாரசீகப் பக்கமிருந்து வந்த கொடி, முகமது பின் துக்ளக் தலைநகரை மாற்றிய காலத்தில் தௌலதாபாத் வரை இறங்கியது. தெற்கே, 1832ஐ ஒட்டிக் கிறிஸ்தவ மதப் பணியாளர்கள் சேலம், மதுரை மாவட்டங்களில் திராட்சையைக் கொண்டுவந்து நட்டார்கள். அன்றைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளெல்லாம் அதற்குள் அடக்கம்; நாமக்கல் தனி மாவட்டமானதே 1997இல்தான்.

அதே சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மது நிறுத்தப்பட்ட மாவட்டம் அது. திராட்சைக்கு வாசல் திறந்த மண்ணும் மதுவுக்குக் கதவடைத்த மண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் நடுவிலுள்ள 105 ஆண்டுகளையும், அதற்குப் பின் ஓடிய காலத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஐரோப்பியப் பாதிரிமார்கள் திராட்சையைக் கொண்டுபோன பல நாடுகளில் ஒயினும் உடன் வளர்ந்தது. இங்கே ஏன் பழம் பழமாகவே நின்றுவிட்டது? குறிப்பாக, கறுத்த நிறமும் துவர்ப்பும் கனமும் கொண்ட சிவப்பு ஒயின் இந்தச் சமவெளியில் ஏன் பிறக்கவில்லை? சட்டம்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். நான் பார்த்தவரை சட்டம் வந்தது கடைசியில். அதற்கு முன்பே வெயிலும் பழத்தின் ரகமும் சாப்பாட்டு இலையும் விடையைச் சொல்லிவிட்டன.

பெயரிலிருந்து தொடங்கலாம். திராட்சை வடமொழி வழியாக வந்த சொல். தமிழில் அதற்குக் கொடிமுந்திரி என்று ஒரு பெயர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் முந்திரிகை என்றால் திராட்சைதான்; நாம் முந்திரி என்று சொல்லும் கொட்டைக்கு அங்கே மரமுந்திரிகை என்று பெயர். ஆக, கொடியும் பழமும் தமிழருக்கு முற்றிலும் அந்நியமாக இருந்ததில்லை. திராட்சையைப் புளிக்கவைத்து எடுத்த மதுவுக்கு மட்டும் வீட்டுப் பெயர் அமையவில்லை. விவிலியத் தமிழ் அதைத் திராட்சரசம் என்றது. பேச்சுத் தமிழ் ஒயின் என்றே வைத்துக்கொண்டது. கள், நறவு, மட்டு, தேறல் என்று மதுவுக்கு இத்தனை சொற்களை வைத்திருந்த மொழி இது.

அந்தத் தேறலில் ஒரு பகுதி கடல் கடந்து வந்தது. புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி அருந்துமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். பாடலுக்குச் சான்றாக மண்ணுக்குள்ளிருந்தே பானைகள் கிடைத்தன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது, இரண்டு கைப்பிடியும் கூர்ந்த அடியும் கொண்ட ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் வந்தன. பின்னாளில் அவற்றை ஆராய்ந்த எலிசபெத் வில், கிரேக்கத் தீவான கோஸின் ஒயினை அடைத்து வந்த வகை அவற்றில் மிகுதி என்று கண்டார். கோஸ் தீவு ஒயினில் கடல்நீரைக் கலப்பது வழக்கம்; நீண்ட பயணத்தில் கெடாமலிருக்க அது உதவியது. செங்கடல் வணிகர்களுக்காக எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கையேடு, முசிறிக்கு ஒயின் வந்ததையும் அது அதிக அளவில் இல்லை என்பதையும் குறித்து வைத்திருக்கிறது.

முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொடுமணல், கரூர் என்று நீண்ட அந்த வணிகப் பாதை, நாமக்கல் சமவெளிக்கு நேர் எதிரே காவிரியின் தென்கரையை ஒட்டித்தான் ஓடியது. கரூரில் ஆற்று மணலுக்குள்ளிருந்து ரோமானியக் காசுகள் இன்றளவும் கிடைத்து வருகின்றன. காசு வந்த வழியில் சாடியும் வந்திருக்கும். ஆனால் கொடி வரவில்லை. யவன ஒயின் அரண்மனைக்குள் புகுந்து அங்கேயே தீர்ந்துபோன பண்டம்.

ஊர் மக்கள் குடித்தது பனையும் தென்னையும் தந்த கள். தகடூர், அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் (235) கள்ளை நினைத்தே தொடங்குகிறது. கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாடப்பாடத் தானும் உடனிருந்து மகிழ்வான் என்று அவர் சொல்லும்போது, கள் நட்பின் அளவுகோலாகிவிடுகிறது. இன்னொரு பாட்டில் (177) கள் குடித்துக் கண் சிவந்தவர்கள் அது தெவிட்டிப்போய்ப் புளிப்பைத் தேடிக் களாப்பழத்தையும் துடரிப்பழத்தையும் தின்கிறார்கள். மணல்மேட்டில் ஏறி நாவற்பழம் பறிக்கிறார்கள். மதுவுக்கு எதைத் துணையாகச் சாப்பிடுவது என்று இன்றைக்கு ஒயின் நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நம்மவர்கள் அதைப் புளிப்பும் துவர்ப்புமாகப் புதர்க்காட்டிலேயே முடித்து வைத்திருந்தார்கள்.

திராட்சை ஒயினை மறுபடி இந்தச் சமவெளிக்குக் கொண்டுவந்தது பலிபீடம். 1623இல் ராபர்ட் தெ நோபிலி மதுரையிலிருந்து புறப்பட்டுக் கொல்லிமலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கும் அங்கிருந்து சேலத்துக்கும் வந்தார். சந்நியாசியைப்போல் காவி உடுத்தி, புலால் தள்ளி, மதுவையும் தள்ளி வாழ்ந்தவர் அவர். ஆனால் திருப்பலிக்குத் திராட்சை ஒயின் இல்லாமல் முடியாது. கத்தோலிக்கத் திருச்சபை இதில் விட்டுக்கொடுப்பதில்லை: திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாக எடுத்த, கெட்டுப்போகாத ஒயினாக இருக்க வேண்டும். கள்ளோ தேனோ அந்த இடத்துக்கு ஆகாது. கொடி விளையாத நாட்டில் ஒரு குருவுக்கு இது நித்தியக் கவலை. கப்பலில் வரவழைக்க வேண்டும், அல்லது பந்தல் போட்டு வளர்க்க வேண்டும்.

1832க்கு இந்தப் பின்னணியைப் பொருத்திப் பார்க்கிறேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர்தான் இந்தப் பழத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று அரசுக் குறிப்பும் சொன்னது. பயிர்களைக் கொண்டுவந்து நட்டுப் பார்க்கும் காலம் அது. சேலம் ஆட்சியர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை நட்டது 1820களில். லண்டன் மிஷன் சேலத்தில் கால் ஊன்றியது 1827இல். மலையில் காப்பி பிடித்துக்கொண்டதைப்போலச் சமவெளியில் திராட்சையும் பிடித்துக்கொள்ளும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். நம்பிக்கை பாதி பலித்தது. கொடி பிடித்தது.

இங்கே ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டாமல் போக முடியாது. நாம் பன்னீர் திராட்சை என்று அழைப்பது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ரகம். இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுஷயரிலுள்ள ரெஸ்ட் பார்க் மாளிகையின் தோட்டக்காரர் சீவார்ட் ஸ்னோ அதை உருவாக்கியது 1850ஐ ஒட்டி. கறுப்பு ஹாம்பர்க் என்ற கருந்திராட்சையையும் அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சையையும் சேர்த்துப் பிறந்த பிள்ளை அது. மரபணு ஆய்வும் இந்தப் பெற்றோரை உறுதி செய்துவிட்டது. பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுக்கு முன்பே ஒரு ரகம் கப்பலேறி வந்திருக்க வழியில்லை. 1832இல் வந்த கொடி வேறு ரகமாக இருக்க வேண்டும். பன்னீர் திராட்சை பின்னால் வந்து அதன் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வதை நம் பாடநூல்களும் விளம்பரங்களும் நிறுத்திக்கொள்வது நல்லது. கம்பத்துப் பழத்தின் பெருமைக்கு ஒரு தவறான தேதி தேவையில்லை.

பெருமை அதன் மணத்தில் இருக்கிறது. பன்னீர் என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் நுண்ணிய மூக்குடையவர். மஸ்கட் குடும்பத்தின் வாசனைக்குக் காரணமான சேர்மங்களில் ஜெரானியால், லினலூல் இரண்டும் முக்கியம். அந்த ஜெரானியால் ரோஜாவிலும் இருக்கிறது. சீனாவில் இதே மஸ்கட் ஹாம்பர்க்கைப் பெருமளவில் பயிரிடுகிறார்கள். அங்கே அதன் பெயர் ‘மெய்குயி ஷியாங்’. ரோஜா மணம் என்று பொருள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே தமிழரும் சீனரும் ஒரே பழத்தை முகர்ந்து ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பழத்தில் ஒன்றை விரலிடுக்கில் வைத்து நசுக்கிப் பாருங்கள். தோல் தனியே கழன்று வரும். உள்ளே இருப்பது பச்சை கலந்த வெளிர்நிறச் சதை. வழியும் சாற்றில் சிவப்பு கிடையாது. தோலின் உட்புறத்தை விரலால் தேய்த்தால்தான் ஊதாக்கறை ஒட்டும். சிவப்பு ஒயினின் முழு ரகசியமும் இதுதான். நிறம் சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. ஆகவே சாற்றைத் தோலோடும் கொட்டையோடும் சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும். அந்த ஆல்கஹாலும் சூடும் தோலிலுள்ள நிறத்தையும் துவர்ப்பையும் இறக்கும். தோலை உடனே எடுத்துவிட்டால் கருந்திராட்சையிலிருந்து வெள்ளை ஒயின்கூட எடுக்கலாம். நாள் கூடக்கூட நிறமும் கனமும் கூடும்.

துவர்ப்பு என்றேன். ஆங்கிலத்தில் டானின் என்று சொல்லி விளக்க வேண்டியதை, அறுசுவைக்குள் துவர்ப்பை வைத்த நாம் ஒரு சொல்லில் புரிந்துகொள்வோம். கொட்டைப்பாக்கை மென்றால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இறுகுமே, வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்தால் தொண்டையில் நிற்குமே, அதுதான். எச்சிலில் நாக்கை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. துவர்ப்புப் பொருள் அவற்றைப் பற்றி இழுத்துக்கொள்கிறது. நாக்கு உலர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. தோல் பதனிடுவதும் இதே வேலைதான். தென்னிந்தியத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையை ஊறவைத்து ஆட்டுத்தோலைப் பதனிட்டார்கள். பட்டையின் துவர்ப்பு தோலின் புரதத்தைப் பற்றி இறுக்கி, அழுகாமல் காத்தது. டானின் என்ற சொல்லே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்ததுதான். சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆடு கறிக்கு எவ்வளவு பெயர்பெற்றதோ அவ்வளவு தோலுக்கும் பெயர்பெற்றது. அந்தத் தோலை ஆவாரம்பட்டை என்ன செய்ததோ, அதைத்தான் கனத்த சிவப்பு ஒயின் நம் நாக்கில் செய்கிறது.

அப்படிப்பட்ட ஒயினுக்குப் பழம் சிறியதாகவும் தோல் தடித்ததாகவும் இருக்க வேண்டும். சாறு குறைவு, தோல் அதிகம். பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஷிராஸ் அப்படிப்பட்டது. பாரசீகத்து ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்று வெகுகாலம் கதை சொன்னார்கள். துரேசா, மொண்டூஸ் பிளாஞ்ச் என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்களின் பிள்ளை அது என்று 1998இல் மரபணுச் சோதனை காட்டிய பிறகு கதை அடங்கியது. போர்டோவின் கேபர்னே சாவிஞ்ஞோனும் இதே வகை. பன்னீர் திராட்சை இதற்கு நேர்மாறு. பழம் பெரிது, சாறு மிகுதி, துவர்ப்பு சொற்பம். சாப்பிடப் பிறந்த பழம். அதில் ஒயின் எடுத்தால் வெளிர்ச்சிவப்பில், மெல்லியதாக, மணம் தூக்கலாக வரும். இனிப்பாக விட்டால் அழகாக இருக்கும். கறுத்த கனத்த ஒயினை அதனிடம் எதிர்பார்ப்பது, பொன்னி அரிசியிடம் கம்பங்கூழின் திடத்தைக் கேட்பதுபோல.

சரி, ஷிராஸையே கொண்டுவந்து ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ நட்டால்? அங்கேதான் வெயில் குறுக்கே வருகிறது. சேலம் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர்கூட இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும், இரவும் ஆறுவதில்லை. பழம் நிறம் ஏறும் பருவத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தோலில் ஊதா நிறம் சரியாக உண்டாகாது, உண்டானதும் சிதையும். புளிப்பிலும் கைவைக்கும் வெயில். திராட்சையின் மாலிக் அமிலத்தைச் சூடான இரவில் செடியே செலவழித்துத் தீர்த்துவிடும். சர்க்கரை மட்டும் விறுவிறுவென்று ஏறி நிற்கும். அதை நொதிக்கவிட்டால் போதை இருக்கும், புளிப்பு இருக்காது, நிறம் சோகையாக இருக்கும். ஒயின் செய்கிறவர்களுக்கு வேண்டியது வெயிலோடு சேர்ந்த குளிர்ந்த இரவு.

இன்னொன்று, கொடிக்குத் தூக்கம் வேண்டும். ஐரோப்பாவில் பனிக்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் விழிக்கிற செடி இது. நம் வெப்பத்தில் அது தூங்குவதே இல்லை. எப்போதும் பச்சையாக நிற்கும். கவாத்து செய்து, இலையை உருவி, தண்ணீரை நிறுத்தித்தான் அதை ஓய்வுக்கும் காய்ப்புக்கும் கொண்டுவர வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் இந்த வித்தையில் தேர்ந்தவர்கள். மலைகளுக்கு நடுவில் இதமான காற்றும் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரும் கிடைப்பதால், பந்தல்களைப் பிரித்து வெவ்வேறு நாளில் கவாத்து செய்து ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். மேசைப் பழத்துக்கு இது வரம். ஒயினுக்கோ ஒரே சீராக, நிதானமாகப் பழுத்த ஓர் அறுவடை போதும்.

ஒயினில் நாசிக்கும் நந்திமலையடிவாரமும் வென்றது உயரத்தால். நாசிக் பீடபூமி சுமார் 600 மீட்டர். அங்கே குளிர்கால இரவுகளில் வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை முடிந்து ஒரு கவாத்து. குளிரும் வறட்சியும் சேர்ந்த காலத்தில் பழம் முதிர்ந்து, மார்ச் வாக்கில் அறுவடை முடிந்துவிடும். பெங்களூருக்கு வடக்கே 900 மீட்டருக்கு மேலிருக்கும் நந்திமலைப் பகுதியில் கன்வல் குரோவர் 1988இல் குரோவர் நிறுவனத்தைத் தொடங்கி, பிரெஞ்சு ரகங்களை நட்டு, கேபர்னேயும் ஷிராஸும் கலந்த ‘லா ரிசர்வ்’ என்னும் கனத்த சிவப்பு ஒயினைக் கொண்டுவந்தார். ராஜீவ் சாமந்த் நாசிக்கில் தொடங்கிய சூலா 2000இல் முதல் ஒயினை வெளியிட்டது. மகாராஷ்டிரம் 2001இலும் கர்நாடகம் 2007இலும் திராட்சை ஒயினுக்கெனத் தனிக் கொள்கைகளையே வகுத்தன. சேலத்திலிருந்து நந்திமலை ஒருநாள் பயணத் தொலைவுதான். ஆனால் இடையே தொப்பூர் கணவாய் ஏறியதும் காற்று மாறிவிடுகிறது.

உயரம்தானே, ஏற்காடும் கொல்லிமலையும் இல்லையா என்று கேட்கலாம். உயரம் உண்டு. கூடவே மழையும் மூடுபனியும் உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்கிற அக்டோபர், நவம்பரில்தான் நாசிக் முறைப்படி கொடி தளிர்த்துப் பூக்க வேண்டும்; ஈர இலையில் அடிச்சாம்பல் நோய் ஒரே வாரத்தில் தோட்டத்தைத் தின்றுவிடும். காப்பிக்கும் மிளகுக்கும் ஏற்ற ஈரம் திராட்சைக்குப் பகை.

இவ்வளவுக்கும் நடுவில் சமவெளியில் சிவப்பு ஒயின் ஓரிடத்தில் உயிரோடு இருந்தது: கிறிஸ்தவ வீட்டுச் சமையலறை. டிசம்பர் தொடங்குவதற்கு முன்பே பன்னீர் திராட்சையை வாங்கி, காம்பு நீக்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பீங்கான் சாடியில் சர்க்கரையோடு போட்டு மரக்கரண்டியால் மசிப்பார்கள். கொஞ்சம் ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. வாயைத் துணியால் கட்டி இருட்டில் வைத்து, நாள் தவறாமல் கிளறிவிடுவார்கள். கிளறும்போது நுரையோடு எழும் வாசனை வீட்டையே நிறைக்கும். மூன்று வாரம் கழித்து வடித்தால் மாணிக்க நிறத்தில் இனிப்பாக வரும். பிளம் கேக்கோடு சிறு கிண்ணங்களில் பரிமாறுவார்கள். பழத்தின் குறைகளை அந்த வீட்டுக்காரர்கள் சர்க்கரையாலும் பட்டையாலும் ஈடுகட்டினார்கள். மஸ்கட் ஹாம்பர்க்குக்கு எது பொருந்தும் என்பதைக் கைப்பழக்கத்திலேயே கண்டுகொண்டவர்கள் அவர்கள். சட்டத்தின் கண்ணில் அதுவும் உரிமம் கேட்கும் மதுதான்.

அந்தச் சட்டம் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். அதன் வேர் இந்தச் சமவெளியில்தான் இருக்கிறது. ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். 1917இலிருந்து நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கிருந்து 1929இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற இதழை நடத்தினார். அதில் துணைநின்றவர் கல்கி. ஆசிரமத்தைச் சுற்றியிருந்த கிராமங்களில் கூலி கைக்கு வந்த அன்றே கள்ளுக்கடைக்குப் போவதையும், வீட்டில் அடுப்பு எரியாததையும் நாள்தோறும் பார்த்து எழுந்த இயக்கம் அது. முதலமைச்சரானதும் சட்டத்தைத் தன் சொந்த மாவட்டத்திலேயே முதலில் செயல்படுத்திப் பார்த்தார்.

சேலத்தின் அனுபவத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் தலைமையில் ஆராய்ந்தார்கள். குடிக்குப் போன கூலி சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியதை அந்த ஆய்வு பதிவுசெய்தது. அரசு இழந்த வருவாய்க்கு ஈடாக 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதுவே முதல் பொது விற்பனை வரி. இன்றைக்கு நாம் கட்டும் ஜிஎஸ்டியின் மூத்த தலைமுறை சேலத்துக் கள்ளுக்கடைகளை மூடிய கையோடு பிறந்தது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

சட்டத்தின் பார்வையில் கள், சாராயம், பீர், ஒயின் எல்லாம் ஒரே வரிசை. திருப்பலி ஒயினுக்கு மட்டும் தனி வழி விட்டார்கள். அதற்கெனத் தமிழ்நாட்டில் 1984ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. தொண்ணூறு வயதைக் கடந்திருந்த ராஜாஜி அதைத் தடுக்க முதலமைச்சர் கருணாநிதியை வீடு தேடிப் போய்க் கேட்டுக்கொண்டார். பிறகு மூடுவதும் திறப்பதுமாக ஆண்டுகள் போயின. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது. பிராந்தியும் ரம்மும் ஓடும் கடைக்கு நம் ஊரில் ஒயின்ஷாப் என்று பெயர். ஒயினைப் பற்றிய நம் அறிவு அந்தப் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது.

இனிச் சாப்பாடு. மேற்கத்திய நூல்கள் கனத்த சிவப்பு ஒயினுக்குக் கொழுப்புள்ள மாட்டிறைச்சியைச் சொல்வதற்கு நாம் மேலே பார்த்த துவர்ப்பே காரணம். கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தங்கள்மேல் வாங்கிக்கொள்ளும், நாக்கு தப்பிக்கும். அந்தக் கணக்கில் மேச்சேரி ஆட்டின் நெஞ்செலும்பை மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டு மெதுவாக வேகவைத்தால் ஷிராஸ் அதனோடு சண்டை போடாது. ஷிராஸுக்கே மிளகின் வாசனை உண்டு. அதைத் தரும் ரொட்டண்டோன் என்ற பொருள் நம் மிளகிலும் இருக்கிறது.

பள்ளிபாளையம் சிக்கன் வேறு கதை. நாமக்கல் மாவட்டத்து நெசவு ஊர் உலகத்துக்குத் தந்த பண்டம். மசாலாப் பொடி கிடையாது. எண்ணெயில் விதை நீக்கிய காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, உரித்த சின்ன வெங்காயத்தைக் கொட்டி, கறிவேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து, சிறு துண்டுக் கோழியை அதன் நீரிலேயே வேகவிட்டு, கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைப் போட்டுச் சுருட்டுவார்கள். விதை நீக்கினாலும் காரம் காரம்தான். நாக்கில் சூட்டை உணரும் ஏற்பியைத்தான் மிளகாயின் கேப்சைசின் தட்டுகிறது. ஆல்கஹாலும் அதே ஏற்பியைத் தூண்டும். கனத்த ஒயின் ஒரு மிடறு போனால் காரம் இரட்டிப்பாகும், துவர்ப்பு கசப்பாகும், பழத்தின் வாசனை தொலைந்துபோகும். பணம் கொடுத்து வாங்கிய ஒயினும் வீண், பாடுபட்டுச் சமைத்த கோழியும் வீண். நாமக்கல் முட்டைக்கும் இதே கதிதான். மஞ்சள்கரு நாக்கில் படலமாகப் படிந்தபின் ஒயினின் சுவை ஏறாது. பர்கண்டிக்காரர்கள் முட்டையைச் சிவப்பு ஒயின் குழம்பிலேயே வேகவைத்துச் சாப்பிடுவது, குழம்பில் கொழுப்பும் நீண்ட கொதியும் இருப்பதால் கைகூடுகிறது.

காரத்துக்கும் புளிக்கும் தேங்காய்க்கும் பக்கத்தில் நிற்கக்கூடியது மெல்லிய, இனிப்பு மிஞ்சிய, துவர்ப்பு குறைந்த பானம். பன்னீர் திராட்சை இயல்பாகத் தருவதும் அதையேதான்.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சேலம், நாமக்கல் சமவெளியில் ஷிராஸ் நட்டு யாரும் பணத்தை இறைக்க வேண்டாம். மரவள்ளியும் மாவும் மேச்சேரி ஆடும் இந்த மண்ணின் பலம். குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்து இந்த மாவட்டம் எடுத்த முடிவு மதிப்புக்குரியது. இன்னொரு புட்டியைக் கடையில் சேர்ப்பதற்காக நான் எழுதவில்லை. நான் கேட்பது கம்பத்து விவசாயிக்காக. பறிக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும், வியாபாரி விலையை இறக்குவார், மூன்றே நாளில் பழம் அழுகும். ஒயின் ஆலை வேண்டும் என்று அந்தப் பள்ளத்தாக்கு நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கேயே ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பன்னீர் திராட்சையைச் சாறாகவும் வினிகராகவும் திருப்பலிக்குரிய ஒயினாகவும் மாற்றிப் பார்க்கும் முறையான சோதனையை அங்கே தொடங்கி, அதன் முடிவுகளை விவசாயிகளின் கையில் கொடுக்க வேண்டும். திருப்பலி ஒயினுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடமிருக்கிறது. 1832இல் கொடி எதற்காக இந்த மண்ணுக்கு வந்திருக்குமோ அந்த வேலையிலிருந்தே தொடங்கலாம்.